கூலிக்காரனுக்கு நாள் கணக்கு! கோடீஸ்வரனுக்குக் காகிதக் கணக்கு!

சென்ற மாதம் ஒருநாள் சாயங்காலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தோழர் நம்மைத் தேடிச் சங்க ஆபீசுக்கு வந்தார். தகப்பனார் விவசாயக் கூலி. மகன் ஷார்ஜாவில் கம்பி கட்டும் வேலை. போய் ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. இந்தத் தடவை தங்கை கல்யாணம் என்பதால் எழுபது நாள் ஊரில் தங்கிவிட்டார்.

அவர் கையில் ஒரு பாங்க் சீட்டு இருந்தது. மனைக்கட்டு விற்ற பணம் நாலு லட்சத்தை உள்ளூர் பாங்கில் டெபாசிட் போட்டிருந்தார். வருஷ வட்டி ரூ. 28,000. அதில் ரூ. 8,736ஐ வரி என்று பிடித்துவிட்டார்கள். "நூற்றுக்கு முப்பத்தொன்று பிடித்திருக்கிறார்களே, தோழரே, நான் என்ன லட்சாதிபதியா?" என்று கேட்டார்.

அது மட்டுமல்ல. கடைத்தெருவில் ஒரு ஏஜெண்டு அவரைப் பிடித்துக்கொண்டான். "அறுபது நாளுக்கு மேல் ஊரில் இருந்துவிட்டாய். இனி நீ இங்கே வசிப்பவன். ஷார்ஜாவில் வாங்கிய கூலி முழுவதற்கும் வரி கட்ட வேண்டும். நோட்டீஸ் வரும், பாஸ்போர்ட்டை முடக்குவார்கள். பதினைந்தாயிரம் கொடு, நான் சரிக்கட்டுகிறேன்" என்று மிரட்டியிருக்கிறான். தோழரின் மனைவி காதுத் தோட்டைக் கழற்றித் தயாராக வைத்திருந்தாராம்.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. ஆலை மூடியதால் வேலை போன தொழிலாளியின் மகன், தண்ணீர் வராமல் தரிசாய்க் கிடக்கும் வயலை விட்டுப் போன கூலி விவசாயியின் தம்பி என்று நம் வீடுகளில் பாதிப்பேர் இன்று துபாயிலும் ரியாத்திலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களை வைத்து நடக்கும் இந்தக் கணக்கு என்ன, அது யாருக்குச் சாதகம் என்பதை நாம் தெரிந்துகொண்டாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். குடிமகன் என்பது வேறு. வரிக்கு "வசிப்பவர்" என்பது வேறு. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, ஓட்டு எங்கே இருக்கிறது, ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் வைத்து வருமான வரிச் சட்டம் ஒருவரை வசிப்பவர் என்று முடிவு செய்வதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எத்தனை நாள் உன் உடம்பு இந்த மண்ணில் இருந்தது என்றுதான் கேட்கிறது.

182 நாள் என்ற அளவு வெள்ளைக்காரன் காலத்தது. 1922ம் வருஷச் சட்டத்துக்கு 1939ல் செய்த திருத்தத்தில் வந்தது. 1961ம் வருஷ வருமான வரிச் சட்டத்தின் 6வது பிரிவில் அது தொடர்ந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி 2025ல் நிறைவேற்றிய புதிய சட்டமும் இந்த அடிப்படையை மாற்றவில்லை.

விதி இதுதான். ஒரு வருஷத்தில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் வசிப்பவர். அல்லது, அந்த வருஷத்தில் 60 நாளும், அதற்கு முந்திய நாலு வருஷத்தில் மொத்தம் 365 நாளும் இருந்தால் அப்போதும் வசிப்பவர்.

ஏஜெண்டு சொன்ன அறுபது நாள் இதில் பாதி வாக்கியம். மீதிப் பாதியை அவன் சொல்லவில்லை. வேலைக்காக வெளிநாடு புறப்படும் இந்தியக் குடிமகனுக்கு, புறப்படும் வருஷத்தில் இந்த 60 நாள் பொருந்தாது, 182 நாள்தான். அங்கே வேலையிலிருந்து லீவில் வரும் குடிமகனுக்கும் 182 நாள்தான். இந்தியாவிலேயே ரூ. 15 லட்சத்துக்கு மேல் வருமானம் வருகிறவர் வந்து தங்கினால் மட்டும், 2020ல் செய்த திருத்தத்தின்படி, அது 120 நாளாகக் குறையும். கம்பி கட்டும் தொழிலாளிக்கு ஊரில் ஏது பதினைந்து லட்சம் வருமானம்?

ஆகவே எழுபது நாள் தங்கிய நம் தோழர் வசிப்பவர் ஆகவில்லை. ஷார்ஜாக் கூலியில் ஒரு திர்ஹாமுக்கும் இங்கே வரி கிடையாது. வசிக்காதவர் இந்தியாவில் கிடைக்கும் வருமானத்துக்கு மட்டுமே இங்கே கணக்குக் காட்ட வேண்டும். அங்கே சம்பாதித்த கூலியை வீட்டுக்கு அனுப்புவதாலேயே அது இந்திய வருமானம் ஆகிவிடாது. இந்த நாலு வரியை யாராவது தமிழில் அச்சடித்து விமான நிலையத்தில் கொடுத்திருந்தால், ஒரு தாய்மாரின் தோடு அடகுக் கடை வாசல்வரை போயிருக்குமா?

ஒரு நாள் தவறினால்?

நாள் கணக்கின் கூத்தைப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே கம்பெனி, ஒரே கூலிக்கு இரண்டு பேர் முதல்முறையாக வெளிநாடு புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் செப்டம்பர் 28ல் விமானம் ஏறுகிறார். ஏப்ரல் முதல் நாளிலிருந்து, புறப்பட்ட நாளையும் சேர்த்து எண்ணினால் 181 நாள். அவர் வசிக்காதவர். மற்றவருக்கு விசாக் காகிதம் ஒரு நாள் தாமதம். செப்டம்பர் 29ல் ஏறுகிறார். 182 நாள். அவர் அந்த வருஷம் முழுவதற்கும் வசிப்பவர்! அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே வாங்கிய கூலியும் இங்கே கணக்கில் வரும்.

கூலி குறைவானால் வரி வராது. 2025-26 முதல் புதிய வரித் திட்டத்தில் வசிப்பவர் ஒருவருக்குச் சம்பள வருமானம் ரூ. 12 லட்சம் வரை வரி இல்லை. ஆனால் வெளிநாட்டு பாங்கில் சம்பளக் கணக்கு இருப்பதால் அவர் வருமான வரிப் படிவம் போட்டாக வேண்டும். அந்த அந்நியக் கணக்கையும் அதில் காட்டியாக வேண்டும். வரி இல்லை, படிவம் உண்டு! அந்தப் படிவம் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு கொத்தனாருக்குப் புரிகிற மொழியில் இருக்கிறதா? இல்லை. அங்கேதான் ஏஜெண்டு கடை விரிக்கிறான்.

நிரந்தரமாகத் திரும்பி வருகிறவருக்குச் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. முந்திய பத்து வருஷத்தில் ஒன்பது வருஷம் வசிக்காதவராக இருந்தவர், அல்லது முந்திய ஏழு வருஷத்தில் 729 நாளுக்கு மேல் இங்கே இராதவர், திரும்பியதும் உடனே "சாதாரணமாக வசிப்பவர்" ஆகிவிட மாட்டார். வெளிநாட்டில் அவர் வைத்துவிட்டு வந்த சேமிப்பின் வட்டிக்கு அதுவரை இங்கே வரி கிடையாது. பல வருஷம் உழைத்துத் திரும்பியவருக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம் இந்தப் பாதுகாப்பு உண்டு. இதையும் ஏஜெண்டு சொல்லமாட்டான்.

முப்பத்தொரு பைசா நியாயம்

இனி அந்த பாங்க் சீட்டுக்கு வருவோம்.

உள்ளூரிலேயே இருக்கும் ஒரு மிராசுதார் ஏழு லட்சம் டெபாசிட் போட்டிருக்கிறார், ஏழு சத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருஷ வட்டி ரூ. 49,000. அவருக்குப் பிடித்தம் ஒரு பைசாவும் இல்லை. 2025 ஏப்ரல் முதல் ரூ. 50,000 வரை பாங்க் வட்டியில் பிடித்தம் செய்யக்கூடாது என்று விதி. அதற்கு மேலே போனாலும், எனக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்று ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள்.

வெளிநாட்டில் வேலை செய்யும் தொழிலாளியின் சாதாரண டெபாசிட்டை "என்.ஆர்.ஓ." கணக்கு என்று மாற்றுகிறார்கள். அதன் வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே நூற்றுக்கு 30, அதன்மேல் நாலு சத மேல்வரி, ஆக ரூபாய்க்கு 31 பைசாவுக்கு மேல் பிடித்தம்! வரம்பு இல்லை. எழுதிக் கொடுக்கப் படிவமும் இல்லை. அந்தப் படிவம் வசிப்பவருக்கு மட்டும்தானாம்!

நம் தோழருக்கு இந்தியாவில் உள்ள மொத்த வருமானமே அந்த 28,000 ரூபாய்தான். புதிய திட்டத்தில் நாலு லட்சம் வரை எவருக்கும் வரி கிடையாது. அப்படியானால் பிடித்த ரூ. 8,736 முழுவதும் அவருடையது. சர்க்காரே அதை ஒப்புக்கொள்ளும். ஆனால் அதைத் திரும்ப வாங்க அவர் பான் கார்டு, கம்ப்யூட்டர், படிவம், ஆடிட்டர் என்று அலைய வேண்டும். சாதாரண ஆட்கள் போடும் சின்னப் படிவத்தை அவர் போடவும் கூடாது. பெரிய படிவம்தான் போட வேண்டும். ஆடிட்டருக்கு இரண்டாயிரம், மூன்றாயிரம் அழுதுவிட்டு எட்டாயிரத்தை வாங்குவதா என்று எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். விட்ட பணம் கஜானாவிலேயே தங்கிவிடுகிறது.

அரபு எமிரேட்டுகளோடு 1992ல் செய்துகொண்ட வரி ஒப்பந்தத்தின்படி இந்தப் பிடித்தத்தைப் பன்னிரண்டரை சதமாகக் குறைத்துக் கொள்ளலாமே என்று அதிகாரிகள் சொல்வார்கள். கொள்ளலாம். ஆனால் அதற்கு அந்த நாட்டு சர்க்காரிடம் பணம் கட்டி, நான் இங்கே வசிப்பவன் என்று சான்று வாங்கி வரவேண்டும். ஒப்பந்தப்படி அங்கே கணக்கு 183 நாள், ஜனவரி முதல் டிசம்பர் வரை. இங்கே 182 நாள், ஏப்ரல் முதல் மார்ச் வரை. லேபர் காம்பில் ஒரே அறையில் பலபேரோடு படுத்து எழுந்து, விடியுமுன் பஸ் ஏறும் மனிதன் இரண்டு நாட்காட்டிகளை வைத்துக்கொண்டு கணக்குப் போடவேண்டுமாம்!

அநீதி இதோடு முடியவில்லை. பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று மந்திரிகள் மேடைதோறும் முழங்குகிறார்களே, அந்தத் தள்ளுபடி வசிப்பவருக்கு மட்டும். மஸ்கட்டில் டிரைவராக இருக்கும் ஒருவருக்கு, காலமெல்லாம் சேர்த்துக் கட்டிய இரண்டு கடையிலிருந்து, கழிவுகள் போக ஐந்து லட்சம் வருமானம் வந்தால் அவர் ரூ. 5,200 வரி கட்ட வேண்டும். இங்கேயே இருந்து பதினொரு லட்சம் சம்பளம் வாங்குகிறவர் ஒன்றும் கட்ட வேண்டாம். பிழைப்புத் தேடிக் கடல் கடந்ததற்கு அபராதமா இது?

2020ல் வீசிய வலை

2020 பிப்ரவரி 1. நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் பட்ஜெட் சமர்ப்பித்தார். நிதி மசோதாவில் ஒரு புதிய ஷரத்து இருந்தது. வேறு எந்த நாட்டிலும் வசிப்பிடத்தின் பேரால் வரி கட்டக் கடமைப்படாத இந்தியக் குடிமகன் எவரும் இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுவார் என்பதே அது. ஒரு நாள்கூட இங்கே இராவிட்டாலும் சரி!

எந்த நாட்டிலும் வசிப்பவராகாமல் நாடு நாடாகச் சுற்றி வரியிலிருந்து நழுவும் பெரும் பணக்காரர்களைப் பிடிக்கவே இது என்றார்கள். நோக்கம் நல்லதுதான், அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் எழுதிய வாசகம் என்ன செய்தது? வளைகுடா நாடுகளில் கூலிக்கு வருமான வரி கிடையாது. அங்கே உள்ள கொத்தனாரும், வெல்டரும், வீட்டு வேலை செய்யும் சகோதரியும் "வேறு எந்த நாட்டிலும் வரி கட்டாதவர்" என்ற வாசகத்துக்குள் வந்துவிட்டார்கள். அதில் வருமான வரம்பு எதுவும் இல்லை. விராலுக்கு என்று சொல்லி வலை வீசினார்கள். வலையின் கண்ணோ அயிரைக் குஞ்சும் நழுவாத கண்!

எதிர்ப்புக் கிளம்பியது. கேரள முதல் மந்திரி பினராயி விஜயன் பிரதம மந்திரிக்குக் கடிதம் எழுதினார். வளைகுடாவில் இருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் கலங்கின. மறுநாளே, பிப்ரவரி 2ந் தேதி, மத்திய நேரடி வரி வாரியம் விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. வெளிநாட்டில் உண்மையாக வேலை செய்யும் தொழிலாளரை வரிக்குள் கொண்டுவரும் எண்ணம் இல்லை என்றது. மார்ச் மாதம் நிறைவேறிய சட்டத்தில், இந்தியாவில் ரூ. 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு மட்டுமே இந்த ஷரத்து என்று வரம்பு வைத்தார்கள்.

கூக்குரல் எழுந்ததால்தான் அந்த வரம்பு வந்தது. வாய்மூடி இருந்திருந்தால் வந்திருக்குமா?

ஆனால் திருத்தும்போது இன்னொன்றும் செய்தார்கள். அந்த 15 லட்சத்துக்கு மேற்பட்டவரை வசிப்பவர் என்று கருதினாலும், "சாதாரணமாக வசிக்காதவர்" என்ற வகையில் சேர்த்தார்கள். அதாவது, இந்திய வருமானமும், இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் லாபமும் மட்டுமே வரிக்கு வரும். அந்நிய பாங்குகளில் குவித்த பணத்தின் வட்டி, அந்நியப் பங்குகளின் லாபம் எதுவும் வராது! யாரைப் பிடிப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார்களோ அவர்களே ஹாயாக நழுவிவிட்டார்கள். அயிரையை விட்டது நியாயம். விராலை எதற்காக விட்டார்கள்?

"அமெரிக்காவைப் பார்!"

இப்போது சில மேதாவிகள் புதிய பல்லவி பாடுகிறார்கள். "அமெரிக்கா தன் குடிமகன் எங்கே இருந்தாலும் வரி வாங்குகிறது. நாமும் வாங்கினால் என்ன? வளைகுடாக்காரர்கள் வரி கட்டாமல் சுகமாக வாழ்கிறார்கள்" என்கிறார்கள்.

அமெரிக்காவையே பார்ப்போம். வெளிநாட்டில் உழைத்து வாழும் அமெரிக்கக் குடிமகனின் கூலியில், நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால், 2025ம் வருஷத்துக்கு முதல் 1,30,000 டாலர் வரை வரிக் கணக்கிலிருந்து நீக்கிக் கொள்ளலாம். மாதம் 1,500 திர்ஹாம் வாங்கும் நம் கம்பி கட்டும் தோழருக்கு வருஷத்துக்கு 18,000 திர்ஹாம், அதாவது சுமார் 4,900 டாலர். அமெரிக்கச் சட்டப்படியே பார்த்தாலும் அவரிடம் வாங்க ஒன்றுமில்லை! மேதாவிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை போலும்.

வளைகுடாவில் வரியே இல்லை என்பதும் பம்மாத்து. கூலிக்கு வரி இல்லை. ஆனால் கடையில் வாங்கும் பொருளுக்கு 2018 முதல் எமிரேட்டுகளில் ஐந்து சதம் மதிப்புக்கூட்டு வரி. சவூதியில் 2020 ஜூலை முதல் பதினைந்து சதம். அங்கே அவர் வாங்கும் சோப்புக்கும் சட்டைக்கும் வரி கட்டுகிறார். இங்கே அவர் அனுப்பும் பணத்தில் மனைவி வாங்கும் சோப்புக்கும் சட்டைக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். இரண்டு நாட்டுக் கஜானாவுக்கும் கட்டுகிறவனைப் பார்த்தா வரி கட்டாதவன் என்பது?

2024-25ம் வருஷத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் நாட்டுக்கு அனுப்பிய பணம் 13,500 கோடி டாலருக்கும் மேல். உலகில் வேறு எந்த நாட்டுக்கும் இவ்வளவு வருவதில்லை. ரிசர்வ் பாங்க் 2023-24ம் வருஷத்துக்கு எடுத்த கணக்குப்படி, இப்படி வரும் பணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வருகிறது. சர்க்கார் பெட்ரோலியம் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். முதலாளி இயந்திரம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேண்டும். அதில் கணிசமான பங்கைத் தருவது கடல் கடந்து சிந்தும் வேர்வை.

மூலதனத்துக்கு எது ஊர்?

தொழிலாளியிடம் நாளை எண்ணுகிற இதே சர்க்கார், மூலதனத்திடம் எதை எண்ணியது?

மொரீசியஸ் என்று ஒரு தீவு. பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் ஜனங்கள். நூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பு, 1834 முதல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் பாட்டன்மாரைக் கப்பலில் ஏற்றிச் சென்ற தீவு அது. அந்தத் தீவோடு 1982ல் இந்தியா ஒரு வரி ஒப்பந்தம் செய்துகொண்டது. மொரீசியஸில் வசிப்பவர் இந்தியக் கம்பெனிப் பங்குகளை விற்று லாபம் சம்பாதித்தால், அந்த லாபத்துக்கு மொரீசியஸ் மட்டுமே வரி போடலாம். மொரீசியஸோ அதற்கு வரி போடுவதில்லை. ஆக, எங்கும் வரி இல்லை!

விளைவு என்ன? 2000 முதல் 2016 வரை இந்தியாவுக்குள் வந்த அந்நிய நேரடி முதலீட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தச் சின்னத் தீவின் வழியாக வந்தது. அவ்வளவு பணம் அந்தத் தீவில் விளைந்ததா? கரும்பிலிருந்து பிழிந்ததா? பெயர்ப்பலகை தொங்கும் கம்பெனிகள் வழியாக வேறு நாட்டுப் பணம் வந்தது. நம் நாட்டுப் பணமே சுற்றிக்கொண்டு வந்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

2000ம் வருஷம் பம்பாய் வருமான வரி அதிகாரிகள் சிலர் துணிந்து கேட்டார்கள்: நீங்கள் உண்மையிலேயே மொரீசியஸில் வசிப்பவர்தானா? பங்கு மார்க்கெட் சரிந்தது. உடனே ஏப்ரல் 13ந் தேதி நேரடி வரி வாரியம் 789வது சுற்றறிக்கையை அனுப்பியது. மொரீசியஸ் அதிகாரிகள் தரும் வசிப்பிடச் சான்று இருந்தால் அதுவே போதிய ஆதாரம் என்றது! அந்தச் சுற்றறிக்கையை டில்லி ஹைகோர்ட் 2002ல் ரத்து செய்தது. 2003 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2016ல்தான் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய பங்குகளுக்குத்தான் அந்தத் திருத்தம். பழைய பங்குகளைத் தொடவில்லை.

தோழர்களே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பி கட்டும் தொழிலாளிக்குச் செப்டம்பர் 28க்கும் 29க்கும் வித்தியாசம் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒவ்வொரு முத்திரையையும் எண்ணுவார்கள். கோடி கோடியாய்ப் புரளும் மூலதனத்துக்கோ ஒரு துண்டுக் காகிதம் போதும் என்று பதினேழு வருஷம் விட்டார்கள். அங்கே வசிக்கிறாயா, அங்கே அடுப்பு எரிகிறதா, அங்கே ஓர் ஆள் வேலை செய்கிறானா என்று அதனிடம் கேட்டவர்களின் வாயை அடைத்தார்கள். வேலை செய்யப் போனவனுக்கு நாள் கணக்கு. லாபம் சம்பாதிக்க வந்தவனுக்குக் காகிதக் கணக்கு!

விமானம் நின்றபோது

2020 மார்ச்சில் கொரோனாக் கொள்ளைநோய் வந்தது. மார்ச் 23 முதல் சர்வதேச விமானங்களை நிறுத்தினார்கள். லீவில் வந்திருந்தவர்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். திரும்பிப் போக முடியவில்லை. போனால் வேலை இருக்குமா என்றும் தெரியவில்லை. அவர்களாக விரும்பித் தங்கவில்லை. ஆனால் நாள் கணக்கு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

2020 மே 8ந் தேதி ஒரு சுற்றறிக்கை வந்தது. மார்ச் 22க்கு முன்னால் வந்து, மார்ச் 31க்குள் போக முடியாமல் போனவருக்கு, மார்ச் 22 முதல் 31 வரை உள்ள நாட்களை எண்ணமாட்டோம் என்றார்கள். பத்து நாள்! அடுத்த வருஷம் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவருக்கு என்ன? 2021 மார்ச் 3ந் தேதிச் சுற்றறிக்கையில் பொதுச் சலுகை எதுவும் இல்லை. இரட்டை வரி கட்ட நேர்ந்தவர் மட்டும் மார்ச் 31க்குள் ஒரு படிவத்தில் எழுதித் தெரிவிக்கலாம் என்றார்கள். அதற்குக் கொடுத்த அவகாசம் நாலு வாரம்!

பத்து வருஷமாய் அங்கே இருந்தவரை "சாதாரணமாக வசிக்காதவர்" என்ற சலுகை காப்பாற்றியிருக்கும். ஆனால் 2019ல் கடன் வாங்கிப் புதிதாய்ப் போன, கொஞ்சம் கூடுதல் சம்பளம் வாங்கும் வெல்டருக்கும் டெக்னீஷியனுக்கும் அந்தச் சலுகை எட்டாது. விமானம் நிறுத்தியது சர்க்கார். 182வது நாளை எண்ணியதும் சர்க்கார்!

நமது கோரிக்கைகள்

வரியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷனுக்கும் வரி வேண்டும். இருப்பவனிடம் வாங்கு, உழைப்பவனை வதைக்காதே என்கிறோம். ஆகவே:

ஒன்று: வெளிநாட்டில் வேலை செய்யும் தொழிலாளியின் சிறு டெபாசிட் வட்டியில், வசிப்பவருக்கு உள்ள அதே வரம்பு வரை பிடித்தம் கூடாது. வருமானம் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் உரிமை அவருக்கும் வேண்டும்.

இரண்டு: வசிப்பவருக்கு உள்ள வரித் தள்ளுபடியைக் கூலிக்காக வெளிநாடு போனவருக்கும் கொடு.

மூன்று: கொள்ளைநோய், யுத்தம், விமானத் தடை இவற்றால் ஊரில் மாட்டிக்கொண்ட நாட்களை எண்ணக்கூடாது என்று சட்டத்திலேயே எழுது. சுற்றறிக்கைப் பிச்சை வேண்டாம்.

நாலு: விதிகளையும் படிவங்களையும் எளிய தமிழில் கொடு. மாநில சர்க்கார் வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியத்தின் மூலம் ஒவ்வொரு தாலுகாவிலும் இலவசமாகப் படிவம் எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஐந்து: காகிதச் சான்றைக் காட்டித் தப்பும் மூலதனத்திடம், உண்மையில் எங்கே வசிக்கிறாய் என்று கேள். எந்த நாட்டிலும் வரி கட்டாத கோடீஸ்வரனின் அந்நிய வருமானத்துக்கு வரி போடு.

தோழர்கள் உடனே செய்யக்கூடியதும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு எழுதுங்கள். போன நாள், வந்த நாள் இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்; பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து அனுப்பும் கூலியை "என்.ஆர்.இ." கணக்கில் போடச் சொல்லுங்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் வரை அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. "என்.ஆர்.ஓ." கணக்கில் பிடித்தம் செய்திருந்தால் விட்டுவிடாதீர்கள். ஏஜெண்டு மிரட்டினால் பணத்தை எடுக்குமுன் சங்கத்துக்கு வாருங்கள்.

புதுக்கோட்டைத் தோழர் அன்று இரவு நம் ஆபீசிலேயே தங்கினார். பாஸ்போர்ட்டை விரித்து வைத்து ஆறு வருஷத்து நாட்களையும் நாமும் அவரும் சேர்ந்து எண்ணினோம். எந்த வருஷமும் எழுபதைத் தாண்டவில்லை. மறுநாள் ரூ. 8,736ஐத் திரும்பக் கேட்கும் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பினோம். ஏஜெண்டுக்குப் பதினைந்தாயிரம் போகவில்லை. தோடு அந்தத் தாயின் காதிலேயே இருக்கிறது.

ஒரு குடும்பத்துக்கு இது முடிந்தது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு முடிய வேண்டுமானால் சட்டம் மாற வேண்டும். 2020ல் குரல் கொடுத்தோம், வலையின் கண்ணைப் பெரிதாக்கினார்கள். இன்னும் உரக்கக் குரல் கொடுப்போம். ஆலை வாயிலிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுவோம், கையெழுத்துச் சேகரிப்போம், பார்லிமெண்ட் வரை கொண்டு செல்வோம்.

உழைப்பவன் எந்த மண்ணில் நின்றாலும் அவன் கூலி அவனுக்கே சொந்தம்!